ஒன்று முதல் பத்து வரை

தியானம் என்றவுடன் மான்தோலும் ஜடாமுடியும் இமயமலைக் குகையும் கண்முன் தோன்றுவது நம்மிடையே ஊறிப்போன வழக்கமாதலால், இன்று 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்ற பெயரில் உலகெங்கும் பரவியிருக்கும் அமர்ந்த தியானத்தின் வரலாற்றில் அரசாங்கக் கணக்கு இலாகாவைச் சேர்ந்த ஓர் உத்தியோகஸ்தருக்கு முக்கியமான இடம் உண்டு என்று சொன்னால் சிலர் நம்பத் தயங்கக்கூடும். 1899-ஆம் ஆண்டு ரங்கூனில் பிறந்து, கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்து, படிப்படியாக உயர்ந்து, பர்மா சுதந்திரம் பெற்ற 1948-ஆம் ஆண்டில் அந்நாட்டின் அக்கவுண்டன்ட் ஜெனரலாகப் பதவியேற்ற ஊ பா கின் என்பவரே அவர். அவருக்குத் தியானம் கற்பித்த சயா தெட்ஜியும் துறவியல்லர். மனைவி மக்களோடு வாழ்ந்து நிலத்தை உழுது பிழைத்த கிருகஸ்தர். 1937-இல் அவரிடம் பயின்ற பா கின், பிற்காலத்தில் தம் காரியாலயத்திலேயே ஓர் அறையை ஒதுக்கிவைத்துத் தமக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்கு அந்த வித்தையைப் போதித்ததோடு, 1952-இல் ரங்கூனில் ஒரு தியான நிலையத்தையும் நிறுவினார்.

அந்த நிலையத்துக்கு 1955-இல் வந்து சேர்ந்தவர், மண்டலே நகரில் பிறந்த மார்வாடி வியாபாரியான சத்ய நாராயண் கோயங்கா. பொறுக்க முடியாத ஒற்றைத் தலைவலிக்குப் பல வைத்தியங்கள் பார்த்தும் பயன் காணாமல், யாரோ சொல்லக் கேட்டு வந்த அவரிடம், தலைவலி தீரவேண்டும் என்ற நோக்கத்துக்காக மட்டும் வருவதானால் சேர்த்துக்கொள்வதற்கில்லை என்று பா கின் மறுத்துவிட்டார் என்பது கோயங்கா தாமே பலமுறை சொன்ன செய்தி. பின்னர் அவர் சேர்ந்ததும், 1969-இல் இந்தியாவுக்கு வந்து முகாம்கள் நடத்தியதும், நாசிக் மாவட்டத்து இகத்புரியில் 1976 முதல் பெரியதொரு நிலையம் நடந்துவருவதும் பலர் அறிந்த விஷயங்களே. எனக்கு அவற்றைக் காட்டிலும் அந்த முதல் மறுப்பே சுவையாகப்படுகிறது.

ஏனெனில், புதிதாக உட்கார முற்படுகிறவர்களில் பெரும்பாலோர் ஏதேனும் ஒன்றைக் கேட்டுக்கொண்டேதான் உட்காருகிறார்கள். இரத்த அழுத்தம் குறையவேண்டும் என்பார் ஒருவர். பரீட்சைக்குப் படித்தது நினைவில் நிற்கவேண்டும் என்பான் ஒரு மாணவன். புருவமத்தியில் ஜோதி தெரியுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார் இன்னொருவர். முதல் வாரத்தில் உண்மையில் கிடைப்பவையோ முழங்கால் வலியும், தூக்கமும், தம் மனம் தம் சொல்லைக் கேட்பதில்லை என்ற ஞானமும்தான். இந்த மூன்றாவதை நான் அற்பமாகக் கருதவில்லை. ஐம்பது அறுபது வயது வரையில் தம் மனத்தோடு வாழ்ந்துவிட்டு, அது தமக்கு அடங்கினது என்று எண்ணிக்கொண்டே போய்விடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

இந்தத் தியான முறைக்கு ஆதாரமான நூல், பாலி மொழியிலுள்ள ஸதிபட்டான சூத்திரம். குரு நாட்டிலுள்ள கம்மாஸதம்மம் என்ற ஊரில் புத்தர் பிக்ஷுக்களுக்குச் செய்த உபதேசமாக அது வழங்குகிறது. உடல், உடலிலும் உள்ளத்திலும் எழும் உணர்வுகள், சித்தம், தர்மங்கள் என்ற நான்கையும் உள்ளபடி கவனித்திருத்தல் அதன் சாரம். அந்த நான்கிலும் உடலையும், உடலிலும் முதலில் மூச்சையும் எடுத்துக்கொண்டு அது தொடங்குகிறது. காட்டிலோ, மரத்தடியிலோ, ஆளில்லாத வீட்டிலோ போய் உட்காரும்படி சூத்திரம் சொல்கிறது. காடு நமக்குத் தூரம். ஆளில்லாத வீடு அதைவிடத் தூரம். ஆகவே கூடத்தின் ஒரு மூலையோ, மொட்டைமாடியோ, பிறர் எழுவதற்கு முன்னால் பூஜையறையோ போதும் என்று வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

முதலில் கவனிக்க வேண்டியது மனம் அன்று, ஆசனம். சாப்பாட்டையும் படிப்பையும் தரையிலேயே முடித்துக்கொண்ட பாட்டன்மாருக்குச் சம்மணம் என்பது கற்கவேண்டிய வித்தையாக இருக்கவில்லை. நாற்காலியிலும் மேஜையிலும் வளர்ந்த நமக்கோ, வெறுந்தரையில் சப்பணமிட்ட மாத்திரத்தில் முழங்கால்கள் இரண்டும் ஆகாயத்தை நோக்கி எழும்பி நிற்க, இடுப்பு பின்புறம் சரிய, முதுகு வில்லாக வளைந்து, ஐந்து நிமிஷத்துக்குள் தோளும் கழுத்தும் கடுக்க ஆரம்பித்துவிடுகின்றன. இதற்குப் பரிகாரம் மன உறுதியன்று, ஒரு தலையணை. ஜமுக்காளத்தை நான்காக மடித்து விரித்து, அதன்மேல் கெட்டியான தலையணையையோ, இறுகச் சுருட்டிய பழைய போர்வையையோ வைத்து, அதன் முன்விளிம்பில் மட்டும் உட்காரவேண்டும். பிருஷ்டபாகம் முழங்காலைவிட நான்கு விரற்கடையாவது உயர்ந்திருந்தால், இடுப்பெலும்பு தானாகவே சற்று முன்னோக்கிச் சாயும். அது சாய்ந்தால் முழங்கால்கள் தரையைத் தொடும். அவை தொட்டால் முதுகெலும்பு, நாம் பிரயத்தனப்பட்டு நிமிர்த்தாமலே, தன் இயற்கையான வளைவுகளோடு நேராக நிற்கும். முழங்கால் எட்டவில்லையென்றால் அதன் கீழே ஒரு துண்டை மடித்து வைக்கலாம். பத்மாசனம் வேண்டியதில்லை, பழக்கமில்லாத கால்களை முறுக்கிப் பத்மாசனம் போடுகிறவர் தியானத்தைவிட எலும்பு வைத்தியரையே விரைவில் அடைவார்.

தரையில் உட்கார இயலாத முதியவர்கள் நாற்காலியில் அமர்வதில் குறைவொன்றும் இல்லை. சாய்மானத்தில் முதுகைக் கொடுக்காமல், பாதம் இரண்டும் தரையில் முழுதும் படியும்படி அமர்ந்தால் போதும். பாதம் எட்டாவிட்டால் ஒரு மணையைப் போட்டுக்கொள்ளலாம். கைகளை மடியில் ஒன்றன்மேல் ஒன்றாகவோ, தொடைகளின்மேலோ வைத்துக்கொள்க. பர்மிய ஆசான்கள் கண்ணை மூடச் சொல்வார்கள். ஜப்பானிய ஜென் மடங்களில் பாதி திறந்த கண்ணோடு எதிரேயுள்ள தரையையோ சுவரையோ பார்த்திருப்பார்கள். தூக்கம் வருகிறவர்களுக்கு ஜப்பானிய முறை நலம்.

ஆசனம் அமைந்தபின் மூச்சு. இங்கே நம்மவர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டியிருக்கிறது. மூச்சென்றதும் நமக்குப் பிராணாயாமம் நினைவுக்கு வந்து, பூரகம், கும்பகம், ரேசகம் என்று அளவு போட்டு இழுக்கவும் அடக்கவும் விடவும் தொடங்கிவிடுகிறோம். அது வேறு சாஸ்திரம். அதற்கு வேறு பிரயோஜனமும் வேறு கட்டுப்பாடுகளும் உண்டு. இங்கே செய்யவேண்டியது, மூச்சு தன்போக்கில் வருவதையும் போவதையும் அறிந்திருப்பது ஒன்றுதான். நீளமாக வந்தால் நீளம் என்றும், குறுகினால் குறுக்கம் என்றும், ஒரு நாசி அடைத்துக்கொண்டிருந்தால் அடைத்திருக்கிறது என்றும் தெரிந்தால் போதும், திருத்த வேண்டாம். சொல்வது எளிது, ஆனால் கவனிக்கத் தொடங்கியதுமே மூச்சு, புகைப்படம் பிடிக்க நிறுத்தப்பட்ட குழந்தையைப் போல விறைத்துக்கொண்டு, தன் சுபாவத்தை மறந்துவிடும். இது எல்லோருக்கும் நேர்வது. சில நிமிஷங்களில் தானே தளரும். மூக்கு நுனியிலோ மேலுதட்டிலோ காற்றுப் படுகிற இடத்தில் கவனத்தை வைப்பது ஒரு மரபு. வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிப்பது, 1904 முதல் 1982 வரை வாழ்ந்த மகாசி சயாடோ என்ற பர்மிய பிக்ஷு பரப்பிய இன்னொரு மரபு. எது தெளிவாகத் தெரிகிறதோ அதை எடுத்துக்கொண்டு, நாளுக்கொன்றாக மாற்றாமல் இருப்பதே முக்கியம்.

இந்த இடத்தில்தான் தொடங்குபவர்களுக்கு ஒரு பிடிகயிறு வேண்டியிருக்கிறது. வெறும் மூச்சு மிகவும் சூக்ஷ்மமான பொருளாதலால், மனம் அதில் நிற்பதில்லை. நானறிந்தவரையில் இதற்குச் சொல்லப்பட்ட உபாயங்களில் மிகச் சிறந்தது எண்ணுதல். அதை விரிவாக எழுதிவைத்தவர், ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் அநுராதபுரத்து மகாவிகாரையில் தங்கி 'விசுத்திமக்கம்' என்ற பெருநூலை இயற்றிய புத்தகோஷர். இவருக்கும் தமிழகத்துக்கும் தொடர்பு உண்டு: காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்ற பிக்ஷுவோடு தாம் வசித்ததை, அங்குத்தர நிகாயம் என்ற பௌத்த நூலுக்கு எழுதிய உரையின் முடிவில் அவரே குறித்திருக்கிறார். காஞ்சியிலும் காவிரிப்பூம்பட்டினத்திலும் பௌத்த விகாரைகள் செழித்திருந்த காலம் அது.

மூச்சை எண்ணத் தொடங்குகிறவன் முதலில் நெல் அளப்பவனைப்போல் எண்ணவேண்டும் என்கிறார் புத்தகோஷர். தானியம் அளக்கிறவன் ஒரு படியைக் கொட்டிவிட்டு 'ஒன்று' என்கிறான். அடுத்ததை நிரப்பும்போது கண்ணில் படும் குப்பையைப் பொறுக்கி எறிந்துகொண்டே, எண்ணிக்கை நழுவாதபடி 'ஒன்று, ஒன்று' என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். இதைப் படிக்கும்போது நம் களத்துமேட்டில் மரக்காலோடு உட்கார்ந்து, முதல் மரக்காலுக்கு 'லாபம்' என்று மங்கலமாகத் தொடங்கி, அடுத்தது நிறையும் வரையில் 'லாபம், லாபம்' என்று இராகம் போட்டு இழுக்கும் பெரியவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சுற்றிலும் பேச்சும் கூச்சலும் நடந்துகொண்டிருக்கும். அவர் காதில் விழாமலும் இராது. ஆனால் கணக்குத் தவறாது. மூச்சு உள்ளே வரும்போது 'ஒன்று', அது வெளியே போகும்போதும் 'ஒன்று'. அடுத்த மூச்சுக்கு 'இரண்டு, இரண்டு' என்று இப்படியே மனத்துக்குள் சொல்லிச் செல்லவேண்டும்.

ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மேற்படாமலும் எண்ணவேண்டும் என்று அவர் வரம்பு கட்டியிருப்பது இந்த முறையின் நுட்பம். ஐந்துக்குக் கீழே என்றால் குறுகிய இடத்தில் அடைபட்டதுபோல் மனம் தவிக்கும். பத்தைத் தாண்டினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணையே பிடித்துக்கொள்ளும் என்பது அவர் சொல்லும் காரணம். இதில் நடைமுறை லாபம் ஒன்றும் உண்டு. எண்ணுவது என்பது இயந்திரம்போல் தானே ஓடக்கூடிய காரியம். ஆள் அங்கே இல்லாதபோதும் அது ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று விழித்துப் பார்த்தால் 'இருபத்தேழு' என்று மனம் சொல்லிக்கொண்டிருக்கும். பத்தோடு நின்று மீண்டும் ஒன்றுக்குத் திரும்பவேண்டும் என்ற விதி இருப்பதனால்தான், பதினொன்று வந்தவுடனே, நாம் எங்கோ போய்விட்டோம் என்பது பிடிபடுகிறது.

போகிற இடங்களுக்கோ கணக்கில்லை. மூன்று வரையில் நன்றாக எண்ணுகிறோம். அடுத்த வீட்டுக் குக்கர் கூவுகிறது. நம் வீட்டுத் துவரம்பருப்பு தீர்ந்துபோனது நினைவுக்கு வருகிறது. பருப்பு விலையிலிருந்து மளிகைக்கடைப் பாக்கிக்கும், பாக்கியிலிருந்து போன வருஷம் கைமாற்று வாங்கிக்கொண்டு போன மைத்துனருக்கும், அவரிலிருந்து அவர் மகள் கல்யாணத்தில் நம்மை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்ததற்கும், அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலுக்கும் மனம் தாவி, அந்தப் பதிலை இப்போது அழகான வாக்கியங்களாகக் கோத்து மைத்துனரின் முகத்துக்கு நேரே சொல்லி முடிக்கும் தறுவாயில், 'அடடா, எண்ணிக்கொண்டல்லவா இருந்தோம்' என்ற பிரக்ஞை வருகிறது. பழகாதவர்கள் இந்தக் கணத்தைத்தான் தோல்வி என்று எண்ணி, எனக்குத் தியானம் சித்திக்காது என்று எழுந்துவிடுகிறார்கள். உண்மையில் அதுவரையில் நடந்ததில் உருப்படியானது அந்த ஒரு கணம்தான். மனம் ஓடாமல் நிற்பதற்காக உட்காரவில்லை. ஓடியது தெரியவருவதற்காக உட்காருகிறோம். தெரிந்தபின், மனத்தை வையாமலும் மைத்துனரை வையாமலும், 'ஒன்று' என்று முதலிலிருந்து தொடங்கவேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விட்ட இடம் எது என்று உறுதியாகத் தெரிந்தால் அவர் விடவே இல்லை!

இந்தச் சஞ்சலம் தனிமனிதர் குறைபாடு அன்று. 2010-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து உளவியலார் இருவர், 2,250 பேரிடம் நாளின் பல வேளைகளில் தொலைபேசி வழியாக விசாரித்தபோது, ஏறக்குறையப் பாதி நேரம், அதாவது நூற்றுக்கு நாற்பத்தேழு முறை, அவர்கள் செய்துகொண்டிருந்த காரியத்தில் மனம் இல்லை என்று தெரியவந்தது. ஆரோக்கியமான ஒருவர் ஓய்வில் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை மூச்சுவிடுகிறாராதலால், பத்து நிமிஷத்தில் நூற்றைம்பது மூச்சு, அதாவது பதினைந்து பத்துகள் என்று கொள்ளலாம். ஆரம்பத்தில் அவற்றுள் இரண்டு பத்துகளேனும் பழுதின்றி முடிந்தால் திருப்திப்பட இடமுண்டு.

சத்தத்தைப் பற்றிக் கவலைப்படுவது வீண். சுப்ரபாதமும், பால்காரர் மணியும், ஆட்டோவின் உறுமலும் நம் ஊர்களில் நிற்கப்போவதில்லை. கேட்கிறது என்று அறிந்து, மூச்சுக்குத் திரும்புவதே வழி. வலியின் விஷயம் சற்று வேறு. கால் மரத்துப்போவது பெரும்பாலும் நரம்பு அழுந்துவதால் உண்டாவது; காலை நீட்டினால் போய்விடும். ஆனால் முழங்கால் மூட்டுக்குள்ளே சுருக்கென்று குத்துமானால் அதைத் தாங்கிக்கொண்டு வீரம் காட்டுவது மதியீனம். நிதானமாக, அசைவதை அறிந்தே அசைந்து, நிலையை மாற்றிக்கொள்ளவேண்டும்.

தூக்கத்துக்குத்தான் சுவையான பரிகாரங்கள் பௌத்த நூல்களில் இருக்கின்றன. புத்தரின் தலைமைச் சீடர்களில் ஒருவரான மகா மொக்கல்லானர், மகத நாட்டுக் கிராமம் ஒன்றில் தியானத்தில் அமர்ந்தபோது தூங்கி விழுந்தார் என்று அங்குத்தர நிகாயம் கூசாமல் சொல்கிறது. அவருக்குப் புத்தர் ஒன்றன்பின் ஒன்றாக உபாயங்களை அடுக்குகிறார்: படித்த தர்மத்தை நினைத்துப் பார், காதுகளைப் பிடித்து இழுத்துக்கொள், எழுந்து கண்ணை நீரால் கழுவி நட்சத்திரங்களைப் பார், நட. இத்தனைக்கும் தூக்கம் போகாவிட்டால்? வலப்பக்கமாகச் சாய்ந்து, எழவேண்டும் என்ற நினைவோடு படுத்துக்கொள் என்று முடிக்கிறார். மொக்கல்லானருக்கே இந்தச் சலுகை உண்டென்றால், ராத்திரி பன்னிரண்டு மணி வரையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விடியற்காலையில் உட்காருகிறவர் தூங்கி விழுந்ததற்காக மனம் வெதும்ப வேண்டியதில்லை. இரவில் சீக்கிரம் படுத்தால் சரியாகிவிடும்.

இனி, இதனால் விளையும் நன்மை என்ன என்ற கேள்வி. 1979-இல் அமெரிக்காவின் மாஸசூஸட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின் என்பவர், தீராத வலியோடு வாழும் நோயாளிகளுக்கென்று எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கி, மதச் சின்னங்களை நீக்கிய உருவத்தில் இந்தத் தியானத்தை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்தார். அதிலிருந்து நூற்றுக்கணக்கான ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. 3,515 பேர் பங்குகொண்ட 47 பரிசோதனைகளை ஒருசேர எடைபோட்டு 2014-இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்த மதிப்பீடு, கவலை, மனச்சோர்வு, வலி ஆகியவை மிதமான அளவில் குறைகின்றன என்றும், கவனம், தூக்கம், உடல் எடை முதலியவற்றில் பயன் உண்டென்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும், மருந்தையோ தேகப்பயிற்சியையோவிட இது மேலானது என்பதற்கும் சான்று இல்லை என்றும் நிதானமாகத் தீர்ப்பளித்தது. தியானத்தைச் செயலியாக்கி மாதச் சந்தாவுக்கு விற்கிறவர்கள் இந்தத் தீர்ப்பின் முதற்பாதியை மட்டும் விளம்பரத்தில் போடுகிறார்கள். மிதமான பயன் என்பது கேவலமானதன்று. நடைப்பயிற்சிக்கும் அவ்வளவே சொல்லலாம், ஆயினும் நாம் நடக்காமல் இருப்பதில்லை.

எல்லோருக்கும் எப்போதும் ஏற்றது என்று சொல்வதும் பிழை. கடுமையான மனச்சோர்வுக்கோ வேறு மனநோய்க்கோ சிகிச்சை பெறுகிறவர்களும், பெரும் அதிர்ச்சி ஒன்றிலிருந்து மீளாதவர்களும் டாக்டரைக் கலந்துகொண்டே தொடங்கவேண்டும். உட்கார்ந்திருக்கையில் காரணமற்ற பயமோ படபடப்போ பெருகினால், கண்ணைத் திறந்து, எழுந்து, நாலடி நடந்து, யாரோடேனும் பேசிக்கொண்டிருப்பதே அப்போது செய்யத்தக்கது.

ஆசான் ஒருவரிடம் நேரில் கற்க விரும்புகிறவர்களுக்கு, கோயங்கா வகுத்த பத்து நாள் முகாம்கள் சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்திலும் நடக்கின்றன. கட்டணம் இல்லை, உணவும் இருப்பிடமும் முன்பு பயின்றவர்களின் நன்கொடையால் நடப்பவை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, நாளொன்றுக்குச் சுமார் பத்து மணி நேரம் உட்கார்ந்து, பத்தாம் நாள் வரையில் சக மாணவரோடு ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கவேண்டும். முதல் மூன்றரை நாட்களும் மூச்சு ஒன்றைத்தான் கவனிக்கவேண்டும். பழக்கமே இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றாலும், விண்ணப்பம் போடுவதற்கு முன் ஓரிரு மாதங்கள் வீட்டிலேயே, பல் துலக்குவதற்கும் காப்பி குடிப்பதற்கும் இடையில் தினந்தோறும் பத்து நிமிஷம் என்று வைத்துக்கொண்டு, அதைச் சிறிது சிறிதாக அரை மணியாக உயர்த்தி உட்கார்ந்து பார்ப்பது உசிதம் என்பது என் அபிப்பிராயம். மனம் அதற்குள் பக்குவப்படுமோ படாதோ, முழங்கால்களாவது பழகியிருக்கும்.